பிள்ளைக்குத் தலை வாருவது யார்? விசாரிக்கிறது வரி நீதிமன்றம்!

வரி நீதிமன்றம் என்றதும் கணக்குப் புத்தகமும் ரசீதுக் கட்டும்தானே கண்முன் வருகின்றன? கனடாவின் வரி நீதிமன்றத்துக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அசந்துபோவீர்கள்! பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார், காய்ச்சல் இரவில் கண்விழிப்பது யார், பல் டாக்டரிடம் நேரம் வாங்கியது யார் என்று அங்கே பெரிய பெரிய வழக்கறிஞர்கள் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்!

எல்லாம் டொரன்டோத் தமிழர்கள் 'சைல்ட் பெனிஃபிட்' என்று சொல்லும் மாத உதவித்தொகைக்காகத்தான். 2016 ஜூலையில் இன்றைய வடிவம் பெற்ற திட்டம் இது. 2025 ஜூலை நிலவரப்படி ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர். பிரிந்துபோன பெற்றோர் இருவருமே "பிள்ளை என்னோடுதான்" என்றால்? கனடா வருவாய் முகமை ஒரு முடிவு சொல்லும். ஏற்காதவர் 90 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அதிலும் தோற்றால், அடுத்த 90 நாளுக்குள் நீதிமன்றப் படியேறலாம்.

இனிமேல்தான் சுவாரஸ்யம்! பிள்ளையை வளர்ப்பது யார் என்று தீர்மானிக்க, வருமான வரி ஒழுங்குவிதி 6302 எட்டு அம்சங்களைப் பார்க்கச் சொல்கிறது. அன்றாடக் கவனிப்பு, பாதுகாப்பான சூழல், மருத்துவம், படிப்பும் விளையாட்டும், நோயுற்றால் பராமரிப்பு, உடல் சுத்தம், வழிகாட்டலும் தோழமையும், நீதிமன்ற உத்தரவு. ஆமாம், தோழமைக்கு வரிச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது! உத்தரவைக் காட்டினால் மட்டும் வென்றுவிட முடியாது. பிள்ளை நிஜத்தில் யார் பராமரிப்பில் வளர்கிறது என்பதுதான் கேள்வி.

அடுத்து நாட்காட்டி! பிள்ளை இரு வீட்டிலும் மாறி மாறி வளர்ந்தால், தலா 40 சதவீத நேரமாவது பார்த்துக்கொள்ளும் இருவருக்கும் பாதிப் பாதி. இரண்டு வாரத்தில் ஐந்து நாள் என்றால் 36 சதவீதத்தைத் தொடாது. ஆறு நாள் என்றால் ஏறத்தாழ 43! ஒரே ஒரு புதன்கிழமை வழக்கையே புரட்டிப்போடும். இந்த 40-க்குப் பின்னாலும் கதை உண்டு. 2019-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்போது சட்டத்தில் இருந்த 'ஏறத்தாழச் சமம்' என்பதற்கு 40 போதாது என்றது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 40 போதும் என்று 2011 ஜூலை முதலே பொருந்தும்படி எழுதிவிட்டது!

இன்னொரு மகிழ்ச்சி, இந்த வழக்குகளுக்கான எளிய நடைமுறை. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்களே பேசலாம், நண்பரையும் அழைத்து வரலாம். சாட்சிய விதிகளின் கெடுபிடியும் இல்லை. எதிரே அரசு வழக்கறிஞர் நின்றாலும், ஆசிரியர் கடிதமும் டாக்டர் சீட்டும் பக்கத்து வீட்டுக்காரர் வாக்குமூலமும் அங்கே எடைபோடப்படும். யாரும் கூலி கொடுக்காத பிள்ளை வளர்ப்பு வேலையை, ஓர் அரசு மன்றம் மணிக்கணக்காகக் காதுகொடுத்துக் கேட்கிறது. எத்தனை அருமை!

ஆகவே, பிரிந்து வாழும் பெற்றோரே, பிள்ளை உங்களோடு இருக்கும் நாட்களை இன்றிலிருந்தே குறித்துவையுங்கள். பள்ளிக் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். முகமையின் கடிதம் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். 90 நாளைத் தவறவிடாதீர்கள்.