இப்போ கையில் என்ன புத்தகம்?

வேங்கிக்கால் பக்கம் பயிர் செய்கிறவங்க சந்தித்தால் முதல் கேள்வி மழை, அடுத்தது மணிலா விலை. எங்கள் நாலைந்து பேருக்குள் இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: "என்ன புத்தகம் ஓடுது?"

என் கையில் மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. 1975இல் ஜப்பானில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. இரண்டாம் முறை வாசிக்கிறேன். முதல் முறை, உழ வேண்டாம் என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. சோம்பேறிக்கு வேறென்ன வேணும்! கவாத்துக்குப் பழகிய அப்பாவின் ஆரஞ்சு மரங்களை அவர் திடீரென அப்படியே விட்டதில், கிளை பின்னி, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போன கதையை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன்.

வைக்கோல் விஷயத்தில்தான் அவரோடு எனக்கு இன்னும் சண்டை. நெல் அறுத்ததும் வைக்கோல் முழுவதையும் நறுக்காமல் நிலத்திலேயே பரப்பச் சொல்கிறார். "அப்போ மாட்டுக்கு எதைப் போடுறது?" என்று வீட்டில் கேட்டாங்க. நியாயம்தானே? சித்திரையில் இங்கே மேய்ச்சலுக்குப் புல் ஏது? அதனால் பத்து சென்ட்டில் மட்டும், மாடு தின்று கழித்த கூளத்தையும் மணிலாத் தோலையும் மூடாக்காகப் போட்டிருக்கிறேன். விரலால் கிளறினால் ஈரம் இருக்கு. மகசூல் பார்த்துட்டுத்தான் மீதிக் கொல்லை.

அடுத்தது நம்மாழ்வாரின் 'உழவுக்கும் உண்டு வரலாறு'. பக்கத்துக் கொல்லைக்காரர் முடித்ததும் எனக்கு வரும்.

நீங்க என்ன வாசிக்கிறீங்க? எழுதுங்க. அதில் எது உங்க நிலத்துக்கு ஒத்துவரலைன்னும் சேர்த்து எழுதுங்க.