வெயில் திருத்தும் எழுத்து

ம்யூனிக் நகரத்து மருத்துவ மாணவர் ஆஸ்கர் ராப், பாரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிரிகளை அக்ரிடின் என்ற மருந்து கலந்த நீரில் விட்டு, எவ்வளவு நேரத்தில் அவை சாகின்றன என்று குறித்துவந்தார். மருந்தின் அளவை மாற்றாதபோதும் நேரம் மாறிக்கொண்டே இருந்தது. இடிமழையால் வானம் இருண்டிருந்தபோது அவை நெடுநேரம் தாக்குப்பிடித்தன. வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 1900-ல் அதை எழுதி வெளியிட்டார். ஆக்சிஜனும் இல்லாமல் இந்தக் கொலை நடக்காது என்பதை அவருடைய ஆசிரியர் டாப்பைனர் பின்னர் காட்டினார்.

நம் உடம்பிலும் இதே மூவர் கூட்டு உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் யு.வி.பி கதிரை டி.என்.ஏ தானே உறிஞ்சிக் காயப்படும். யு.வி.ஏ கதிரை அது அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் வேறு பொருள்கள் உறிஞ்சுகின்றன. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீரை மஞ்சளாக்குகிறதே, அந்த ரைபோஃபிளேவின் அவற்றில் ஒன்று. வாங்கிய ஒளியாற்றலை அது ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். சாதுவாக இருந்த ஆக்சிஜன் துடிப்பு ஏறி, 'சிங்கிளெட் ஆக்சிஜன்' ஆகிவிடும். நீரில் அதன் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குதான். அதற்குள் டி.என்.ஏ-வைத் தொட்டால், டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளான அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் ஆகியவற்றில் அது பிடிப்பது குவானினைத்தான். எலக்ட்ரானை எளிதில் பறிகொடுக்கும் எழுத்து அது.

இப்படி ஆக்சிஜன் ஏறிய குவானினின் பெயர் 8-ஆக்சோகுவானின். 1984-ல் ஜப்பானில் கசாய், நிஷிமுரா இருவரும் இதை அடையாளம் கண்டார்கள். குவானின் எப்போதும் சைட்டோசினோடு சேரும். இந்தப் புதிய வடிவமோ, செல் டி.என்.ஏ-வைப் படியெடுக்கும்போது புரண்டு படுத்து மறுபக்கத்தைக் காட்டினால், தைமினைப் போலவே தோன்றி அடினைனோடு சேர்ந்துவிடும். ஓலைச்சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். ஏடு பெயர்த்து எழுதியவர் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிட்டால், அடுத்த படியில் அது பிழை என்றே தெரியாது. இங்கும் அதேதான். அடுத்த முறை படியெடுக்கும்போது அந்த அடினைனுக்கு எதிரே தைமின் வந்து உட்காரும். குவானின் இருந்த இடம் நிரந்தரமாகத் தைமினுடையதாகிவிடும். இதுதான் சடுதிமாற்றம்.

செல் சும்மா இருப்பதில்லை. ஓ.ஜி.ஜி.1 என்ற நொதி, படியெடுப்பதற்கு முன்பே கெட்ட குவானினை வெட்டி எடுக்கிறது. அதற்குத் தப்பியதைப் பிடிப்பது மியூட்-ஒய் நொதி. எனக்குப் பெருவியப்பு இதன் மேல்தான். கெட்ட எழுத்தை விட்டுவிட்டு, அதற்கு எதிரே தவறி வந்த நல்ல அடினைனை அது நீக்குகிறது. சைட்டோசின் வந்து சேர இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த நொதியின் பழுதான மரபணுவைப் பெற்றவர்களுக்குப் பெருங்குடலில் கட்டிகள் தோன்றிப் புற்றாக மாறக்கூடும் என்று 2002-ல் பிரிட்டிஷ் குடும்பம் ஒன்றில் கண்டறிந்தார்கள். குடலில் வெயில் படாதுதான். செல்லுக்குள் அன்றாடம் நடக்கும் வேதிவினைகளே அங்கே குவானினைக் கெடுத்துவிடும். தோலுக்கு அதோடு வெயிலும் சேர்கிறது.

சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி கதிரைப் பெரும்பாலும் தடுத்தாலும் யு.வி.ஏ-வில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். சன்ஸ்கிரீனின் எஸ்.பி.எஃப் எண்ணும் முக்கியமாக யு.வி.பி-க்கான அளவுதான். அடுத்த முறை வாங்கும்போது, யு.வி.ஏ-வுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.