புறாச் சோடியின் நம்பிக்கையைப் பெறுதல்

வீட்டு முற்றத்திலே புறா வளர்க்க விரும்பும் கமக்காரர் சிலர், வாங்கிய சோடியைச் சில நாட்களிலேயே இழந்துவிடுகின்றனர். அதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரமேயாகும். இதனை எழுதுபவரும் தமது முதற் சோடியை ஐந்தாம் நாளிலேயே திறந்துவிட்டார். அவை ஒருமுறை வட்டமிட்டபின் முன்பு வாழ்ந்த வீட்டுக் கூரைக்கே சென்றுவிட்டன. பழைய கூட்டை நாடித் திரும்புதல் புறாவின் இயல்பு. எனவே, புதிய இடத்தையும் புதிய மனிதரையும் அவை நம்பும்வரை பொறுத்தல் வேண்டும்.

சோடி சேர்ந்தவற்றைப் பிரித்துப் பழக்குதல் தவறு. துணையைக் காணாத புறா அமைதியிழக்கும். இரண்டையும் ஒரே கூட்டில், வீடும் முற்றமும் கம்பிவலையூடாகத் தெரியுமாறு வைத்தல் வேண்டும்.

காலையும் மாலையும் குறித்த நேரத்தில், ஒரே விதமாகச் சீழ்க்கையடித்து, ஒருவரே இரையிடுக. நெல், குரக்கன், சோளம், பயறு என்பன ஏற்றவை. சிறு பருக்கைக் கற்களும் சிப்பித் தூளும் வேண்டும். மருந்து கலந்த விதைநெல்லை ஒருபோதும் இடலாகாது. அது உயிரைப் போக்கும்.

இரண்டில் ஒன்றே பெரும்பாலும் முதலில் துணிந்து கையருகே வரும். அதனைப் பிடிக்க முயலற்க. அதன் துணை பார்த்துக்கொண்டிருக்கின்றது. ஒன்று அஞ்சினால் மற்றதும் அஞ்சும். ஒன்று அச்சமின்றி உண்டால் மற்றதும் நாளடைவில் வந்துசேரும். பிடிக்கவேண்டிய தேவை ஏற்படின், இருளில் அவை அடங்கியிருக்கும்போது மெதுவாக எடுக்கலாம்.

பேடு வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். பகலின் பெரும்பகுதியில் ஆணும், ஏனைய நேரத்தில் பேடும் ஏறக்குறைய 18 நாட்கள் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளுக்கு இரண்டுமே தம் தீனிப்பையிற் சுரக்கும் பாலை ஊட்டும். இக்காலத்தில் முட்டையைத் தொட்டுப் பார்த்தலும், கூட்டை இடம் மாற்றுதலும் நம்பிக்கையைக் கெடுக்கும்.

குஞ்சுகள் கூட்டிலிருக்கும் காலமே திறந்துவிட ஏற்றது. மாலை இரைக்குச் சற்று முன்னர், ஒன்றை உள்ளே வைத்து மற்றதை மட்டும் விடுக. துணையும் குஞ்சும் உள்ள இடத்தை அது எளிதில் நீங்காது. இரண்டாம் சோடியை இவ்வாறு விட்டபோது, ஆண் புறா கூரையில் நெடுநேரம் அமர்ந்திருந்தது. சீழ்க்கை கேட்டதும் இறங்கிக் கூட்டினுட் புகுந்தது. மறுநாள் பேடும் அவ்வாறே திரும்பிற்று.

பூனை, பாம்பு முதலியன அணுகாதவாறு இரவிற் கூட்டை அடைத்தல் அவசியம். எச்சத்தை நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு அகற்றுக. குழைகளுடன் சேர்த்து நன்கு மக்கவைத்தால், அது மரக்கறித் தோட்டத்திற்கு நல்ல பசளையாகும்.

விதைத்த நெல்லை மறுநாளே கிண்டிப் பார்ப்பவர் எவருமிலர். புறாச் சோடிக்கும் அப்பொறுமையையே காட்டுவோமாக.