வலிக்கவே இல்லியே!

‘கால் வலிக்குது’ என்று யாராவது சொன்னால் பரிதாபப்படுவோம். என் அப்பா ‘வலிக்கவே இல்லடா’ என்றார். நான் ஆடிப் போனேன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சியிலிருந்து அப்பாவை பைக்கில் உட்கார வைத்து, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனேன். பெரியார் அருவியைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பினோம். செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா உள்ளே நடக்க, தரையில் சிவப்பாகச் சுவடுகள்! செருப்பைத் திருப்பினால், அடியைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி. எப்போது குத்தியதோ, அப்படியே நடந்திருக்கிறார்.

“என்னப்பா இது?”

“நான் கவனிக்கலைடா. வலிக்கவே இல்லியே!”

பதினைந்து வருஷத்துச் சர்க்கரை. பாதத்து நரம்புகள் நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் ஸ்ட்ரைக்கில் இறங்கியிருக்கின்றன!

டாக்டர் கட்டுப் போட்டார். “இப்படியே விட்டா புண் எலும்பு வரைக்கும் போயிடும். அப்புறம் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். புண் ஆறினதும் எம்.சி.ஆர். செருப்பு போடுங்க” என்றார்.

அப்பா முகம் சுருங்கியது. “அது குஷ்டரோகிங்க போடற செருப்பாச்சே! ரிட்டையர்டு ஹெட் கிளார்க் நான். தெருவுல நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

அப்பா சொன்னது பாதி நிஜம். அந்தக் கதை நம்ம மலைப்பக்கமே வந்து போகிறது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் அம்மா ஈவ்லின், எழுபது வயதுக்கு மேலும் கல்வராயன் உள்ளிட்ட மலைகளில் குதிரையில் சுற்றி ஏழைகளுக்கு உதவியவர்.

மகன் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால்தான் என்று புரிந்துகொண்டார். நமக்கு ஓரிடம் வலித்தால் தானாகவே நடையை மாற்றிக்கொள்கிறோம். அவர்களோ அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் காலுக்கேற்ற மெத்தென்ற செருப்பைத் தேடி அவரும் சகாக்களும் அலைந்தார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர் கை கொடுத்தது. அதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர்.! சர்க்கரைக்காரர்களுக்கும் சிக்கல் அதேதான், தீர்வும் அதேதான்.

ஆபீஸில் எல்லா ஃபைலையும் ஒரே கிளார்க் தலையில் கட்டினால் என்ன ஆகும்? உடம்பின் பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கினாலும் அதே கதிதான். இந்தச் செருப்பு பாரத்தைப் பாதம் பூராவும் பங்கு போட்டுக் கொடுக்கும்.

காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து அளவெடுத்தார்கள். மேலே மிருதுவான ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி அடி. ஆணியே கிடையாது, பசைதான். செருப்பு கழன்று போனாலும் தெரியாத கால் என்பதால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். புண் வந்த இடத்தில் அழுத்தம் குறைய, உள்ளே தனியாக ஒரு திண்டு.

மாட்டேன் என்ற அப்பாவை மாற்றியது என் பிரசங்கம் இல்லை. பிரவுன் கலர் வார் வைத்த அந்தச் செருப்பைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், “ஸ்டைலா இருக்கே சார், எந்தக் கடை?” என்றாரே, அந்த ஒரு கேள்விதான்!

இப்போது தினமும் ராத்திரி ஷேவிங் கண்ணாடியைக் கீழே வைத்து அப்பாவின் பாதத்தைப் பார்ப்பது என் டியூட்டி. உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்கார அப்பா இருந்தால் இன்றைக்கே பாருங்கள். ‘வலிக்கலை’ என்று அவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நேற்று பார்த்து முடித்ததும், “உன் காலைக் காட்டுடா” என்றார். காட்டினேன்.

“ஷூவுக்கு பாலிஷ் போடற அக்கறையில பாதிகூட காலைக் கழுவறதுல இல்லியேடா!”