நெல்லிக்காயும் வெல்டிங் புகையும்

வெல்டிங் புகை உள்ளே போனால் வாழைப்பழம் தின்னு, தூசி என்றால் வெல்லம் கடி என்று பட்டறைகளில் காலங்காலமாகச் சொல்வார்கள். இப்போது அந்த வரிசையில் நெல்லிக்காய் ஜூஸும் சேர்ந்திருக்கிறது. முழுக்கப் பொய் என்று இதைத் தள்ளவும் முடியாது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார்த் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் நிறைந்திருக்கின்றன. கார் சைலன்சர் குழாய்க்குப் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதில் துருவைத் தடுக்கும் குரோமியம், எஃகுக்குள் இருக்கும்வரை சாது. வெல்டிங் சூட்டில் ஆவியாகி ஆக்சிஜனோடு சேரும்போது அதில் ஒரு பங்கு, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறுகிறது. அது புற்றுநோயை உண்டாக்கும். 2017-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகை மொத்தத்தையுமே புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது.

இந்த ஆறு இணைதிறன் குரோமியம் உருவத்தில் சல்பேட்டைப் போலிருப்பதால், சல்பேட்டுக்கென உள்ள வழியிலேயே செல்லுக்குள் புகுந்துவிடும். மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு அந்த வழி எளிதில் திறக்காது. நெல்லிக்காயில் நிறைந்திருக்கும் வைட்டமின் சி, எலக்ட்ரான்களைக் கொடுத்து முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிடும். நுரையீரலின் உட்பரப்பில் படிந்திருக்கும் நீர்ப்படலத்திலும் வைட்டமின் சி உண்டு. மாற்றம் அங்கேயே நடந்தால் நல்லது. செல்லுக்குள் போனபின் நடந்தாலோ, இடையில் பிறக்கும் குரோமிய வடிவங்களும் கடைசியில் மிஞ்சும் குரோமியமும் டி.என்.ஏ.வைப் பதம் பார்க்கின்றன. ஒரே வேதிவினை, வெளியே காவல், உள்ளே கேடு! விளம்பரங்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

அப்படியானால் நிறையக் குடித்தால்? பெரிய நெல்லிக்காய் ஒன்றே ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். ஓர் அளவுக்கு மேல் போனால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். வேறு வைட்டமின் மாத்திரைகளின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் என 18,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகமாகவே, 1996-இல் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

நெல்லிக்காயை ருசிக்காகத் தின்னலாம், தடையில்லை. புகையைப் பிடிக்க வேண்டியது, வெல்டிங் பொறிக்குப் பக்கத்திலேயே வாய் வைத்து உறிஞ்சும் எக்ஸாஸ்ட் குழாய். அதன்பின் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க். அவற்றையும் மீறி எவ்வளவு உள்ளே போனது என்று பார்க்க, வாரத்தின் கடைசி ஷிப்ட் முடிந்ததும் சிறுநீரில் குரோமியத்தை அளந்துவிடலாம்.