குரல் கம்மினால் நெஞ்சையும் பார்க்க வேண்டும்

ஆரம்பாக்கத்தை அடுத்த, பழவேற்காடு ஏரியோர மீனவக் குப்பம் ஒன்றின் முதியவரை என்னால் மறக்க இயலவில்லை. மூன்று மாதங்களாக அவருக்குக் குரல் கம்மியிருந்தது. "படகுல நின்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு, டாக்டரய்யா" என்றார். பீடிப் பழக்கமும் உண்டு. ஆதலால் தொண்டைப் புற்றுநோயோ என்றே நானும் முதலில் ஐயுற்றேன். கட்டி ஏதுமில்லை, இடப்பக்கக் குரல்நாண் மட்டும் அசையாமல் நின்றது. காரணம் நெஞ்சில் இருந்ததை சி.டி. ஸ்கேன் காட்டியது.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, நெஞ்சின் மேற்பகுதியில் வில்போல வளைந்து கீழிறங்குகிறது. இடப்பக்கக் குரல்நாணை இயக்கும் நரம்போ நேரே தொண்டைக்குச் செல்வதில்லை; நெஞ்சுக்குள் இறங்கி, அந்த வளைவைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. தமனிச் சுவர் நலிந்து வீங்கினால் நரம்பு நசுங்கும். இதய நோயால் இவ்வாறு குரல் கெடுவதை 1897-இல் விவரித்தவர் வியன்னா மருத்துவர் நோர்பெர்ட் ஆர்ட்னர். (அவர் கண்டது ஈரிதழ் வால்வுச் சுருக்கம், தமனி வீக்கம் பின்னர்தான் அவர் பெயருக்குள் வந்து சேர்ந்தது.)

2024 செப்டம்பர் 30 அன்று சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்ட நடிகர் ரஜினிகாந்துக்குப் பெருந்தமனி வீக்கம் இருந்ததும், அறுவையின்றி ஸ்டென்ட் பொருத்தப்பட்டதும் அறிவிக்கப்பட்ட பிறகே இந்நோய் தேநீர்க் கடைப் பேச்சாயிற்று. தமனி வெடிப்பதையும் கிழிவதையும்தான் அனைவரும் அஞ்சுகின்றனர். அரிய விளைவுகளோ வேறு நோய்களின் வேடத்தில் வருகின்றன. வீக்கம் உணவுக்குழாயை அழுத்தினால் விழுங்குவது கடினமாகும். மூச்சுக்குழல் கிளையை அரித்துத் திறந்தால் சளியில் இரத்தம் வரும். இரத்தம் துப்பினாலே காசநோய் என்று நம் ஊர்களில் முடிவுகட்டுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆயினும் சளியில் கிருமி அகப்படாதபோது மார்பு எக்ஸ்ரேயை மீண்டும் உற்றுநோக்குவது நலம்.

மிகக் கொடியது, வீக்கம் உணவுக்குழாய்க்குள் திறப்பது. நெஞ்சுவலி, சிறிது இரத்த வாந்தி, பின்னர் சில மணி நேரமோ சில நாள்களோ அமைதி; அதன்பின் அடங்காத பெருக்கு. உயிரைக் காக்க இயல்வது அந்த அமைதியின்போதுதான். "நின்னுடுச்சே" என்று வீட்டுக்கு அழைத்துச் செல்வதும் அப்போதுதான்.

இரத்தக் கொதிப்பும் புகையும் இவ்வீக்கத்தை வளர்ப்பவை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால், விடியுமுன் படகேறும் மீனவர் அந்நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. படகு கரையேறும் நேரத்தில் ஏரிக்கரையிலேயே அளவீடு நடக்க வேண்டும். மூன்று வாரம் கடந்த குரல் கம்மலையும் அப்போதே கேட்டறியலாம்.

முதியவர் சென்னையில் சிகிச்சை பெற்று மீண்டார். குரல் முழுதும் திரும்பவில்லை. படகில் இப்போது மகன்தான் குரல் கொடுக்கிறார்.