வால்வு ஆம்ப்ளிஃபயரும் மூன்றாவது கம்பியும்

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

சேந்தமங்கலம் வட்டாரத்தில் மாரியம்மன் பண்டிகை என்றால் மைக்செட் இல்லாமல் நடவாது. என் தந்தையார் இளமையில் மைக்செட்டுக்குக் குழாய் கட்டச் சென்றவர். அந்நாளில் அவர் வாங்கிய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்றும் எங்கள் வீட்டில் பாடுகிறது. அதற்கு இரண்டு பின் பிளக்தான். “பெட்டி கிள்ளினால் பிளக்கைத் திருப்பிப் போடு” என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பண்டிகையன்று, வாசல் தெளித்த ஈரக்காலோடு மைக்கை எடுத்த அம்மாவை அது உதறித் தள்ளியது. நல்லவேளையாக உயிர் பிழைத்தார். அதன் காரணத்தை நான் அறிந்தது இயற்பியல் படிக்க வந்த பிறகே.

பெட்டி கிள்ளுவது ஏன்?

இத்தகைய பெட்டிகள் பலவற்றில், இரைச்சலைக் குறைக்க மின்கம்பி ஒன்றுக்கும் இரும்புச் சேசிஸுக்கும் இடையே ஒரு கண்டன்சர் வைத்திருப்பார்கள். அது 0.05 மைக்ரோஃபாரட் எனில், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறத்தாழ 3.6 மில்லி ஆம்பியர் கசியும். அதுவே கிள்ளல். பிளக்கைத் திருப்பினால் கண்டன்சர் நியூட்ரல் பக்கம் போய்விடும், கிள்ளல் நிற்கும், குறையோ அப்படியே இருக்கும்.

பழைய கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட் ஆகிவிடும். மைக்கின் உலோக உடல் வயரின் வலைக்கம்பி வழியே சேசிஸோடு இணைந்தது. ஈர உடலின் தடை 1,000 ஓம் எனக் கொண்டால் பாயும் மின்சாரம் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. சேசிஸை எர்த்தோடு இணைத்திருந்தால், அந்த மின்சாரம் மனிதனை விட்டுக் கம்பி வழியே பாய்ந்து பியூஸை எரித்துவிடும்.

செய்யும் முறை

அனுபவமுள்ளவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

1. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியே அதை வெளியேற்றி, மீட்டரில் பூச்சியம் காட்டுகிறதா எனப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

2. சேசிஸுக்குச் செல்லும் அந்தக் கண்டன்சரை எடுத்துவிட வேண்டும்.

3. மூன்று கம்பி வயரை ரப்பர் வளையம் வழியே நுழைத்து, இழுத்தால் வராதபடி உள்ளே கிளாம்ப் போட வேண்டும்.

4. பேஸ் கம்பி முதலில் பியூஸுக்கும், பிறகு சுவிட்சுக்கும், அதன்பின் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் செல்ல வேண்டும். நியூட்ரல் ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்குச் செல்லும்.

5. பச்சை எர்த் கம்பிக்குத் தனி போல்ட் வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். இக்கம்பி மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். வயர் பிய்ந்தாலும் இது கடைசியாகவே அறும். பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பதும் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிவதற்காகவே.

6. எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே தடை ஒரு ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பெட்டியின் சுவிட்சைப் போட்ட நிலையில், மற்ற இரு பின்களுக்கும் சேசிஸுக்கும் இடையே மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். முதல் முறை, தொடரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வைத்தே மின்சாரம் கொடுப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை

ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி ரேடியோக்களில் சேசிஸ் நேரே மின்கம்பியோடு இணைந்திருக்கும். யுஎல் 41, யுசிஎச் 42 போல ‘யு’ எழுத்தில் தொடங்கும் வால்வுகள் அதற்கு அடையாளம். அவற்றின் சேசிஸில் எர்த் கொடுக்கவே கூடாது. தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவை.

சுவரில் மூன்று துளை இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாகப் பொருளில்லை. எங்கள் வீட்டுச் சாக்கெட்டின் எர்த் துளையில் கம்பியே இல்லை! கரியும் உப்பும் இட்டுக் குழி அமைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டோம். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை கூடிவிடும். “இத்தனை காலம் இரண்டு பின் போதவில்லையா?” என்று கேட்ட அப்பா, இப்போது வாரம் ஒருமுறை அந்தக் குழிக்குத் தாமே தண்ணீர் ஊற்றுகிறார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இரண்டு பின் போட்ட பழைய இரும்புப் பெட்டி இருக்கக்கூடும். அது கிள்ளினால் பிளக்கைத் திருப்பிப் போடாதீர்கள், பிடுங்கி வையுங்கள்.